சாய்ந்திருக்கும் செருப்பு

செருப்புக் கடையின் சுவரை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஷூக்கள் தட்டையான பலகைகளில் பக்கவாட்டைக் காட்டி நிற்கும். சாண்டல்களும் செருப்புகளும் சாய்வான பலகைகளில் படுத்திருக்கும். ரப்பர் செருப்புகளோ கொக்கிகளில் செங்குத்தாகத் தொங்கும். ஒரே கடை, ஒரே சுவர், மூன்று விதமான கோணங்கள். அழகுக்காக யாரோ செய்துவைத்த ஏற்பாடு என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் கோணங்களுக்குப் பின்னால் கண்ணின் உயரம், ஒளியின் போக்கு, ரப்பரின் உராய்வு, பாதத்தின் அளவு எல்லாம் சேர்ந்து நிற்கின்றன.

ஷூவின் முகம் அதன் பக்கவாட்டில் இருக்கிறது. லேஸ் ஏறும் வளைவு, தையல், சோலின் கனம், நிறுவனத்தின் முத்திரை எல்லாம் அங்கேதான். சாண்டலுக்குப் பக்கவாட்டில் காட்ட அதிகம் எதுவும் இல்லை. அதன் முகம் மேற்புறம். வார் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, கட்டைவிரலைச் சுற்றும் வளையம் இருக்கிறதா, பாதம் பதியும் இடம் எவ்வளவு அகலம் என்பதெல்லாம் மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். போட்டுக்கொண்டு நடப்பவர் நாள் முழுக்கப் பார்க்கப்போவதும் அந்த மேற்புறத்தைத்தான். ஆகவே செருப்பைக் காட்சிக்கு வைப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, அதன் மேற்புறத்தைப் பார்ப்பவரின் கண்ணுக்கு நேராகத் திருப்புவது.

எவ்வளவு திருப்ப வேண்டும்? ஒரு சிறு கணக்குப் போடலாம். 26 செ.மீ. நீளமுள்ள சாண்டல் ஒன்றைக் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, தட்டையான பலகையில், நுனி நம்மைப் பார்க்க வைக்கிறோம். பார்வை 10 டிகிரி கீழ்நோக்கி விழுகிறது என்று கொள்வோம். அப்போது கண்ணுக்குத் தெரியும் நீளம் 4.5 செ.மீ. மட்டுமே. மீதி முழுவதும் கோணத்தில் மறைந்துபோகும்; சோலின் விளிம்பும் வாரின் முன்பகுதியும்தான் தெரியும். அதே பலகையை 45 டிகிரி சாய்த்தால் 21 செ.மீ.க்கு மேல் தெரிகிறது. செருப்பு அதேதான், இடமும் அதேதான். பார்ப்பவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஐந்து மடங்கு.

ஆனால் எல்லாத் தட்டுகளுக்கும் ஒரே சாய்வு வைப்பது வீண் செலவு. கண் 150 செ.மீ. உயரத்தில் இருப்பவர் ஒரு மீட்டர் தள்ளி நின்று 40 செ.மீ. உயரத்தில் இருக்கும் கீழ்த்தட்டைப் பார்த்தால், அவர் பார்வை தானாகவே 48 டிகிரி அளவுக்குக் கீழே சரிகிறது. அங்கே தட்டையாக வைத்தாலே 19 செ.மீ. தெரியும். தலைக்கு மேல் இருக்கும் தட்டில் தட்டையாக வைத்தால் அடிப்பாகத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. அங்கே பலகையை ஏறக்குறைய நிமிர்த்தியே விட வேண்டும். ஆக, நன்றாகச் சிந்தித்துச் செய்த சுவரில் மேலிருந்து கீழே வர வர சாய்வு குறைந்துகொண்டே வரும். ரப்பர் செருப்பைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிடும் சிறு கடைக்காரர், சாய்வை 90 டிகிரிக்கே கொண்டுபோய்விட்டார். அவர் கணக்குப் போட்டிருக்க மாட்டார். ஆனால் தலைக்கு மேல் தொங்கும் செருப்புக்கு அதைவிடப் பொருத்தமான நிலை கிடையாது.

சாய்வை நம் விருப்பத்துக்குக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. செருப்பு வழுக்கி விழும். எந்தக் கோணத்தில் வழுக்கும் என்பதை உராய்வு தீர்மானிக்கிறது. அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட்தான் உராய்வெண். அடியும் பலகையும் சந்திக்கும் இடத்தில் உராய்வெண் 0.5 என்றால், ஏறக்குறைய 27 டிகிரியில் செருப்பு நகரத் தொடங்கும். வழவழப்பான லெதர் அடி கண்ணாடித் தட்டில் இதைவிட முன்னதாகவே நழுவும். புது ரப்பர் அடி இன்னும் கொஞ்சம் தாங்கும். செருப்பு கனமாக இருந்தால் பிடித்து நிற்கும் என்று தோன்றலாம். இந்தக் கணக்கில் எடைக்கு இடமே இல்லை. குழந்தைச் செருப்பும் பெரியவர் செருப்பும் ஒரே வகை அடியோடு இருந்தால் ஒரே கோணத்தில்தான் சரியும். பலகையின் கீழ் ஓரத்தில் விரல் கனத்துக்கு ஒரு தடுப்பு வைத்திருப்பது இதற்காகத்தான்.

நுனி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் கடைக்காரர்களுக்குள் இரண்டு வழக்கங்கள் உண்டு. நுனி கீழே, நம்மைப் பார்த்தபடி இருந்தால் அது எதிரில் வருபவர் காணும் தோற்றம். நுனி மேலே, குதிகால் நம் பக்கம் இருந்தால் அது அணிந்தவர் குனிந்து காணும் தோற்றம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. அப்படி வைத்த செருப்பில் காலை நுழைப்பதுபோல மனம் தானாகவே ஒத்திகை பார்த்துவிடுகிறது.

இனி, கடையின் தரையில் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருக்கும் குள்ளமான கண்ணாடிக்கு வருவோம். அது ஏன் சாய்ந்திருக்கிறது? இடவசதிக்காக என்று பலர் நினைக்கக்கூடும். நேராக நிறுத்தினால் அதில் உங்கள் கால் தெரியவே தெரியாது என்பதுதான் காரணம்.

செங்குத்தான கண்ணாடியில் நம் பாதம் தெரிய வேண்டுமானால், பாதத்திலிருந்து புறப்படும் ஒளி நம் கண் உயரத்தின் சரிபாதியில் கண்ணாடியில் பட்டுத் திரும்ப வேண்டும். கண் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் அந்த இடம் 75 செ.மீ. நீங்கள் அரை மீட்டர் தள்ளி நின்றாலும் மூன்று மீட்டர் தள்ளி நின்றாலும் இந்த 75 மாறாது. கடைக் கண்ணாடியின் உயரமோ 40 செ.மீ. அதை நேராக நிறுத்தினால் உங்களுக்கும் கண்ணாடிக்கும் இடையில் கிடக்கும் தரைதான் தெரியும். மேல்விளிம்பைப் பின்னுக்குச் சாய்த்தால் நிலைமை மாறுகிறது. ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு, கண்ணாடியின் நடுப்பகுதி 20 செ.மீ. உயரத்தில் இருந்தால், தேவையான சாய்வு ஏறக்குறைய 20 டிகிரி. கண் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் சிறுமிக்கு அது 14 டிகிரியாகக் குறைகிறது. கையடக்கக் கண்ணாடி ஒன்றைத் தரையில் வைத்து, மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கட்டத்தில் தரை விலகி, உங்கள் கால்விரல்கள் கண்ணாடிக்குள் வந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் படித்த ‘படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம்’ என்ற விதி இவ்வளவு பயனுள்ளதாக வேறெங்கும் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கண்ணாடியில் காலைப் பார்ப்பவர் பெரும்பாலும் பார்ப்பது பழுப்பு நிறத்தை. ஆண்களின் சாண்டல் பகுதியில் கறுப்பை விட்டால் பழுப்புதான்: அடர்பழுப்பு, டேன், காபி நிறம், பேரீச்சை நிறம். இந்தப் பழுப்பு ஒரு விந்தையான நிறம். வானவில்லில் அது கிடையாது. பழுப்பு நிற ஒளிவிளக்கு என்று ஒன்றைச் செய்ய முடியாது. சுற்றியிருப்பவற்றைவிட மங்கலாகத் தெரியும் ஆரஞ்சு நிறத்தைத்தான் நம் மூளை பழுப்பு என்று எடுத்துக்கொள்கிறது. அருகில் வெளிச்சமான வேறொன்று இருந்தால்தான் பழுப்பு பழுப்பாக இருக்கும்.

இதையும் வீட்டிலேயே சோதிக்கலாம். கறுப்புக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டிக்கொள்ளுங்கள். நல்ல வெளிச்சத்தில் இருக்கும் பழுப்புச் செருப்பைக் குழல் வழியாக, செருப்பின் பரப்பைத் தவிர வேறெதுவும் தெரியாதபடி பாருங்கள். சில நொடிகளில் அந்தப் பழுப்பு ஆரஞ்சுப் பக்கம் நகர்வதை உணர்வீர்கள். குழலை எடுத்ததும் திரும்பப் பழுப்பாகிவிடும். செருப்பில் எதுவும் மாறவில்லை. சுற்றுப்புறம் மறைந்து, திரும்ப வந்தது, அவ்வளவுதான்.

கடை வடிவமைப்பாளருக்கு இது நேரடியான பாடம். கறுப்புப் பின்னணி வைத்து, மேலிருந்து ஒரே ஒரு கூர்மையான விளக்கைப் பாய்ச்சினால் எந்தப் பொருளும் விலை உயர்ந்ததாகத் தெரியும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நகைக்கும் கைக்கடிகாரத்துக்கும் அது பொருந்தலாம். பழுப்பு சாண்டலை அப்படி வைத்தால் அது தன் நிறத்தைவிட்டு மஞ்சள்பூத்த ஆரஞ்சாக நிற்கும். வீட்டுக்குக் கொண்டுபோனதும் வேறு செருப்பாகத் தெரியும். வெளிர்நிறப் பின்னணியில், சுவரும் சேர்ந்து வெளிச்சம் பெறும்படி வைத்தால்தான் பழுப்பின் ஆழம் முழுதாக வரும். கறுப்புச் செருப்புக்கும் இதே ஏற்பாடு உதவுகிறது, வேறொரு காரணத்தால். கறுப்புப் பரப்பு தன்மேல் படும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதன் வடிவம் நமக்குத் தெரிவது பளபளப்பில் விழும் பிரதிபலிப்புக் கோடுகளால்தான். எதிரே வெளிர்நிறப் பரப்பு ஏதாவது இருந்தால், அது வாரின் வளைவில் ஒரு வெள்ளைக் கீற்றாக ஓடும்.

விளக்கை வாங்கும்போது வாட்டேஜை மட்டும் பார்ப்பது போதாது. எல்.இ.டி. விளக்குப் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண் அது. 100 முழு மதிப்பெண். இந்தப் பொது மதிப்பெண்ணை 8 மென்மையான நிற மாதிரிகளை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஒன்பதாவது மாதிரியான அடர்சிவப்பு அந்தக் கூட்டலில் சேர்வதில்லை. மலிவான எல்.இ.டி.கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் அந்தச் சிவப்பில்தான். லெதரின் வெதுவெதுப்பான தோற்றமும் சிவப்பில்தான் இருக்கிறது. அதனால் 80 மதிப்பெண் வாங்கிய விளக்கின் கீழும் டேன் நிறச் சாண்டல் சாம்பல்பூத்து நோயுற்றதுபோல் கிடக்கலாம். ஒன்பதாவது மாதிரியின் மதிப்பெண்ணைத் தனியாகக் கேட்டு வாங்குவது நல்லது. விளக்கு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். நேர் மேலிருந்து விழும் ஒளி லெதரின் மேற்பரப்பைத் தட்டையாக்கிவிடும். பக்கத்திலிருந்து தாழ்வாக உரசிச் செல்லும் ஒளி, ஒவ்வொரு மயிர்த்துளைக்கும் தையலுக்கும் ஒரு குட்டி நிழலைக் கொடுக்கும். அசல் தோலையும் ரெக்சினையும் கண்ணால் பிரித்தறிய உதவும் ஒளி அதுதான். தரமான பொருள் வைத்திருக்கும் கடைக்கு அதில் பயப்பட ஒன்றுமில்லை.

கடைக்கு வெளியே கதை வேறு. நடுப்பகல் வெயிலில் தெருவின் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். நன்றாக விளக்குப் போட்ட கடைக்குள் ஆயிரம் லக்ஸ் இருந்தாலே அதிகம். வெளியே 100 பங்கு, உள்ளே 1 பங்கு. சாதாரண ஜன்னல் கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டு பரப்புக்கும் சேர்த்து 8. ஆக, தெருவிலிருந்து வரும் 100 பங்கில் 8 பங்கு கண்ணாடியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. உள்ளே இருக்கும் செருப்பிலிருந்து வருவது 1 பங்குகூட இல்லை. நண்பகல் 12 மணிக்கு ஷோகேஸ் முன்னால் நிற்பவருக்கு எதிர்க்கடையின் போர்டும் தன் முகமும்தான் தெரியும். சூரியன் இறங்கியதும் கணக்குத் தலைகீழாகி, அதே கண்ணாடி இருக்கும் இடமே தெரியாமல் மறைந்துவிடுகிறது. பிராக் நகரில் பாட்டா நிறுவனம் 1929-ல் கட்டிமுடித்த விற்பனை மாளிகையின் முகப்பு முழுவதும் கிடைமட்டக் கண்ணாடிப் பட்டைகள். இருட்டியதும் கட்டடமே ஒரு விளக்காகிவிடும். லண்டன் பிக்காடில்லியில் 1936-ல் திறந்த சிம்ப்சன்ஸ் துணிக்கடை பகல்பொழுதுக்கும் ஒரு வழி கண்டது. ஷோகேஸ் கண்ணாடியை உள்நோக்கி வளைத்து, பிரதிபலிப்பில் தெரு தெரியாமல் இருட்டான ஒரு பகுதியே தெரியும்படி செய்தார்கள். கண்ணாடி இருப்பதே தெரியாத ஜன்னல் அது.

நம் ஊர்க் கடைத்தெருவில் கேள்வியே வேறு. சென்னை ரங்கநாதன் தெரு போன்ற இடங்களில் ஷட்டரைத் தூக்கிவிட்டால் கடைக்கும் தெருவுக்கும் நடுவில் எதுவும் இல்லை. மேலே ஒரு தார்ப்பாய் அல்லது தகரப் பந்தல், அதன் விளிம்பில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் செருப்புகள். கண்ணாடி இல்லாததால் பிரதிபலிப்பும் இல்லை. பந்தல் நிழல் நேரடி வெயிலைத் தடுக்கிறது. தெருவின் பரவிய ஒளி நிறத்தை உள்ளபடி காட்டுகிறது. பகலில் வியாபாரம் நடக்கும் வெப்பநாட்டுத் தெருவுக்கு இதைவிடச் சிறந்த காட்சி முறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை: பந்தல் நிழல் நகரும். மாலை வெயில் சரிந்து வந்து செருப்பின் மீது நேராக அடிக்கும் கடைகள் உண்டு. இன்றைய எடைகுறைந்த செருப்புகளில் பெரும்பாலானவை ஈ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக் நுரையால் ஆனவை. எத்திலீனும் வினைல் அசிட்டேட்டும் சேர்ந்த அந்த நுரைக்குள் நுண்ணிய காற்றறைகள் நிறைந்திருக்கும். சூடேறினால் அறைகளின் சுவர்கள் இளகி, வார்க்கும்போது உள்ளே தங்கிவிட்ட இழுவிசை தளர்ந்து, முழுச் சோலும் சுருங்குகிறது. நுரைச் சோலை அடுப்பில் வைத்துச் சூடாக்கி எவ்வளவு சுருங்குகிறது என்று அளப்பது தொழிற்சாலைகளில் வழக்கமான சோதனை. வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவைத்த நுரைச் செருப்பு ஒருநாள் திடீரென்று காலுக்குப் பற்றாமல் போவதும் இதனால்தான்.

இப்போது இதைக் கடையின் காட்சிப் பலகையோடு சேர்த்து யோசியுங்கள். வெளியே வைத்திருப்பது ஒற்றைச் செருப்பு. அதன் ஜோடி குடோனில், பெட்டிக்குள், இருட்டில் இருக்கிறது. 270 மி.மீ. நீளமுள்ள சோல் 3 சதவீதம் சுருங்கினால் 8 மி.மீ. போய்விடும். பிரிட்டிஷ் அளவுமுறையில் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் உள்ள வித்தியாசமே 8.47 மி.மீ.தான். வெயிலில் நின்ற வலது கால் 8-ஆம் நம்பராக வந்து, 7 ஆகிவிட்டது. பெட்டிக்குள் இருந்த இடது கால் இன்னும் 8. நிறமும் அப்படித்தான் விலகும். புறஊதாக் கதிர் சாயத்தை வெளுக்கும், வெள்ளைச் சோலை மஞ்சளாக்கும். சீசன் முடிவில் அந்த ஜோடியை யாராவது வாங்கிப்போகும்போது, ஒரே நாளில் ஒரே அச்சில் பிறந்த இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. காட்சியில் இருக்கும் காலைச் சில வாரங்களுக்கு ஒருமுறை பெட்டியில் இருக்கும் காலோடு மாற்றி வைத்தால் இரண்டும் சேர்ந்தே முதுமையடையும்.

பெட்டிக்குள் இருப்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் சோலில் எஸ்டர் பிணைப்பு கொண்ட வகையைக் காற்றிலுள்ள ஈரமே மெல்ல மெல்ல அறுக்கும். யாரும் அணியாமல், வெயில் படாமல், சில ஆண்டுகள் பெட்டியில் கிடந்த செருப்பு, எடுத்து மாட்டி நாலு எட்டு வைத்ததும் ஈரமான பிஸ்கட்போல உதிர்வதுண்டு. கடலோர ஊர்களில் இந்த ஆபத்து அதிகம். அதனால் பழைய சரக்கு முன்னால், புதியது பின்னால் என்று அடுக்குவது கணக்குப்பிள்ளையின் பழக்கமாக மட்டும் இல்லாமல் வேதியியலின் தேவையாகவும் இருக்கிறது.

சரி, சுவரில் எத்தனை செருப்பை வைக்கலாம்? நம் விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் பகுதி மிகவும் சிறியது. நீட்டிய கையின் கட்டைவிரல் அகலம், அதாவது ஏறக்குறைய 2 டிகிரி. இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அது 7 செ.மீ. வட்டம்; ஒரே ஒரு செருப்பின் வார் மட்டும் அடங்கும் இடம். கண் நொடிக்கு மூன்று முறை தாவுகிறது என்று வைத்துக்கொண்டால், 200 செருப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. அடுத்து எங்கே தாவுவது என்பதைக் கண்ணின் ஓரப்பார்வை முடிவு செய்கிறது. அந்த ஓரப்பார்வைக்கு ஒரு பலவீனம் உண்டு. நெருக்கமாக இருக்கும் பொருட்களை அது பிரித்தறியாது; எல்லாம் கலங்கி ஒன்றாகிவிடும். டச்சு ஆய்வாளர் ஹெர்மன் பௌமா 1970-ல் இதற்கு ஓர் அளவு சொன்னார்: பார்வை மையத்திலிருந்து ஒரு பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதில் பாதி தூரத்துக்குள் வேறு பொருள் இருந்தால் இரண்டும் குழம்பும். இரண்டு மீட்டரில் நின்று பார்ப்பவருக்கு, பார்வை மையத்திலிருந்து 35 செ.மீ. விலகியுள்ள செருப்பு தெளிவாகத் தெரிய வேண்டுமானால், அதைச் சுற்றி ஏறக்குறைய 17 செ.மீ. வெற்றிடம் வேண்டும். எல்லாச் செருப்புக்கும் அவ்வளவு இடம் கொடுக்க எந்தக் கடைக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் ஒரு சுவரில் நாலைந்துக்குக் கொடுக்கலாம். அந்த நாலைந்துதான் கண்ணை உள்ளே அழைக்கும் வாசல்கள்.

நிறத்துக்கு இந்த நெரிசலை மீறும் ஆற்றல் உண்டு. கறுப்புச் செருப்புகள் நடுவே ஒரு மஞ்சள் செருப்பு, எத்தனை இருந்தாலும் உடனே கண்ணில் படும். ‘மஞ்சள் வாரும் சதுர நுனியும் சேர்ந்த செருப்பு’ என்று இரண்டு அடையாளங்களைச் சேர்த்துத் தேடினால் ஒவ்வொன்றாகத்தான் பார்த்துவர வேண்டியிருக்கும். ஆன் டிரெய்ஸ்மனும் கேரி கெலேடும் 1980-ல் விளக்கிய வேறுபாடு இது. ரப்பர் செருப்புகளை நீலம், சிவப்பு, பச்சை என்று பட்டை பட்டையாகத் தொங்கவிடுவது கண்ணுக்கு ஒரு படி வேலையை மிச்சப்படுத்துகிறது. எல்லாமே பழுப்பும் கறுப்புமாக இருக்கும் ஆண்கள் பகுதியில் இந்த உத்தி பலிக்காது. அங்கே வாரின் அமைப்பை வைத்துப் பிரிக்க வேண்டும்: குறுக்கு வார் ஓரிடம், விரல் வளையம் ஓரிடம், பின்வார் உள்ளவை ஓரிடம்.

அதிகம் வைத்தால் வாங்குபவர் குழம்பி வெளியேறிவிடுவார் என்று வணிக வகுப்புகளில் சொல்வதுண்டு. ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000-ல் வெளியிட்ட ஜாம் சோதனையிலிருந்து வந்த பாடம் அது: 24 வகை ஜாம் வைத்தபோது நின்று பார்த்தவர்கள் அதிகம், வாங்கியவர்கள் 3 சதவீதம், 6 வகை வைத்தபோது 30 சதவீதம். ஆனால் 2010-ல் இத்தகைய பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு, சராசரி விளைவு ஏறத்தாழ பூஜ்யம் என்று கண்டது. சில இடங்களில் அதிகத் தேர்வு தடையாகிறது, சில இடங்களில் உதவுகிறது. எண்ணிக்கையைக் கண்டு பயப்படுவதைவிட, பிரித்து அடுக்குவதில் கவனம் வைப்பதே மேல்.

கண்ணுக்குச் செய்த இத்தனை ஏற்பாடும் கடைசியில் காலில் போய் முடிகிறது. காட்சியில் இருக்கும் செருப்பு பெரும்பாலும் சிறிய அல்லது நடுத்தர சைஸ். அந்த அளவில் அது கச்சிதமாகத் தெரியும். பிரிட்டிஷ் முறையில் சைஸ் ஒன்று கூடினால் நீளம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஒரு பார்லி மணியின் நீளம் என்று பழங்காலத்தில் கொண்ட அளவு அது. ஐரோப்பிய முறையின் படி, செ.மீ.யில் மூன்றில் இரண்டு பங்கு. பிரிட்டிஷ் 8-க்கான அச்சு 11 அங்குலம், அதாவது 27.94 செ.மீ.; ஐரோப்பிய 42-க்கான அச்சு 28 செ.மீ. பார்லியும் மீட்டரும் இவ்வளவு நெருக்கமாகச் சந்திக்கும் இடம் இது. இரண்டு முறைகளுமே அச்சின் நீளத்தைச் சொல்கின்றன, பாதத்தின் அகலத்தைச் சொல்வதில்லை. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. இந்தியப் பாதங்கள் பொதுவாக அகலமானவை என்பது அதில் தெரியவந்த ஒரு முக்கியமான செய்தி. அந்த அளவுகளை வைத்து ‘பாரத்’ என்பதன் முதலெழுத்தால் பெயரிட்ட புதிய இந்திய அளவுமுறை ஒன்றை முன்வைத்திருக்கிறார்கள்.

சுவரில் இருக்கும் 6-ஆம் நம்பரைப் பார்த்து ஆசைப்பட்டு, 10-ஆம் நம்பரைப் போட்டுப் பார்ப்பவருக்கு அது வேறு செருப்பாகத் தெரியும். ஒரு மாடலிலாவது பெரிய சைஸையும் அருகில் வைக்கும் கடைகளை நான் மனதாரப் பாராட்டுவேன். பெரிய பாதம் கொண்ட பெண்கள் கடை கடையாக ஏறி இறங்குவது நம் ஊரில் இன்னும் நடக்கிறது.

இதைவிட முக்கியமான ஒரு கூட்டம் இருக்கிறது. இந்தியாவில் பத்துக் கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. அவர்களில் பலருக்குப் பாதத்தின் உணர்வு குறைந்துவிடுகிறது. செருப்பு இறுக்கமாக இருப்பது அவர்களுக்குத் தெரியாது. இறுக்கினால்தான் காலில் ஏதோ இருப்பதுபோலவே தோன்றும். அதனால் அளவில் சிறியதையே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். புண் அங்கே தொடங்குகிறது. வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் வரும் புண்களுக்கு அழுத்தமே காரணம் என்று கண்டார். அவரும் உடனிருந்தவர்களும் மென்மையான மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பை உருவாக்கினார்கள். இன்று எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் பல கடைகளில் எடுத்துத் தருவார்கள். பெரும்பாலும் கடையின் கடைசி மூலையில், ஒரே நிறத்தில், பெட்டிகளோடு பெட்டியாக இருக்கும். அதை விளக்கின் கீழ், கண்மட்டத்தில், சரியான சாய்வில், மூன்று நான்கு நிறங்களில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. மருந்துபோல ஒளித்து வைத்தால் வாங்கக் கூச்சப்படுபவர்கள் அதிகம்.

உணர்வு குறைந்தவருக்குப் போட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. கண்தான் அளக்க வேண்டும். அதற்கு வேண்டியது ஒரு தாளும் பென்சிலும். உட்கார்ந்தபடி வரையக் கூடாது, உடல் எடை இறங்கியதும் பாதம் நீண்டு அகலும். தாளின்மேல் நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வேறொருவர் பாதத்தைச் சுற்றிக் கோடு போட வேண்டும். மாலையில் செய்தால் இன்னும் நல்லது, நாள் முழுக்க நின்றும் நடந்தும் பாதம் சற்று வீங்கியிருக்கும். அந்தத் தாளின்மேல் செருப்பை வைத்து, மேலிருந்து பாருங்கள். கோடு எந்த இடத்திலாவது சோலுக்கு வெளியே எட்டிப் பார்த்தால் அந்தச் செருப்பு வேண்டாம். முதலில் சுண்டுவிரல் பக்கத்தைப் பாருங்கள். அகலம் பற்றாமல் போவது பெரும்பாலும் அங்கேதான்.